கடல் விலகும் ஊருக்கு மே மாதத்தில் போகலாமா?

போன இதழில் கம்பாடோஸ் என்ற கடலோரச் சிற்றூரைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்த்துக்கலுக்கு மேலே, கலீசியா என்ற மாநிலத்தில் இருக்கும் ஊர் அது. வீகோ நகரில் கடலுயிரியல் ஆய்வு செய்யும் என் மகளுடன் கடந்த ஆண்டு மே மாதக் கடைசியில் அங்கே தங்கியிருந்தேன். நான்கு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. திருகோணமலைக்காரருக்குக் கடல் என்ற சொல் போதும் போலிருக்கிறது. இந்த மாதப் பகுதி முழுவதும் உங்கள் கேள்விகளுக்கே.

மகன் போர்த்துக்கலில், போர்ட்டோ நகரில் வேலை செய்கிறார். மே மாதக் கடைசியில் நானும் இவரும் அங்கே போகிறோம். இரண்டு மூன்று நாள் கலீசியப் பக்கம் போய் வரலாம் என்று மகன் சொல்கிறார். விடிந்தால் கடலில் விழிக்கும் எங்களுக்கு இன்னொரு கடற்கரை தேவையா, அக்கா?
*– வாசகி, உப்புவெளி*

தங்கச்சி, கடலில் குளிப்பதற்கு என்றால் தேவையில்லை. மே மாதத்தில் உங்கள் வாசலில் கிடக்கும் கடலைப் போல ஒரு கடல் அங்கே கிடைக்காது. கம்பாடோஸ் கடல் அந்த மாதத்தில் பதினைந்து, பதினாறு பாகைக் குளிரில் இருக்கும். கணுக்கால் நனைந்தவுடன் உடம்பு முழுவதும் சிலிர்க்கும்.

நீங்கள் போக வேண்டியது கடல் விலகிப் போவதைப் பார்ப்பதற்காக. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் இரண்டடியை எட்டுவதே அரிது. அங்கே பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் நான்கு மீற்றர் வரை ஏறி இறங்குகிறது. காலையில் கடற்கரைச் சுவரை முட்டிக்கொண்டு நின்ற தண்ணீர் மதியத்துக்குள் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடுகிறது. தோணிகள் சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கின்றன. கடலடி முழுவதும் பச்சைப் பாசியும் சாம்பல் நிறச் சேறுமாக வெயிலில் விரிந்திருக்கிறது. ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கழிந்ததும் எல்லாம் மறுபடி தண்ணீருக்குள். திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஒரு தடவையாவது இதைக் கண்ணால் காண வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அறுபது வயது வரை இதைப் பாடப்புத்தகப் படத்தில் காட்டித்தான் நான் படிப்பித்தேன்.

தங்கும் இடத்தில் முதலில் கேட்க வேண்டியது வற்றுப்பெருக்கு அட்டவணை. ஒவ்வொரு நாளும் நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். அதைப் பார்த்து உங்கள் நாளை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.

பழைய காலத்தில் ஃபெஃபின்யான்ஸ், கம்பாடோஸ், சன் தொமே என்று மூன்று குடியிருப்புகளாக இருந்தவை சேர்ந்ததுதான் இந்த ஊர். ஃபெஃபின்யான்ஸ் பக்கம் பிரபுக்கள் கட்டிய கருங்கல் மாளிகையும் அதன் முன்னே பெரிய கற்சதுக்கமும் இருக்கின்றன. பயணிகள் அங்கேதான் கூடுவார்கள். நீங்கள் சன் தொமே பக்கம் போங்கள். அது மீனவர் குடியிருப்பு. தாழ்ந்த கல் வீடுகள், வாசலில் காயும் நீள்காலணிகள். அதன் முனையில் சிறு பாலத்தைக் கடந்தால் ஒரு தீவுத்திட்டில் சன் சதுர்னின்யோ என்ற இடைக்காலக் காவற்கோபுரத்தின் எச்சம் நிற்கிறது. ஊருக்கு மேலே சந்தா மரின்யா என்ற பதினைந்தாம் நூற்றாண்டுத் தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. வளைவுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் கீழேயும் சுற்றிலும் ஊராரின் கல்லறைகள். கோணேசர் மலையில் நின்று வளர்ந்தவர்களுக்கு, இடிந்தும் கைவிடப்படாத ஒரு வழிபாட்டிடம் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மே மாதக் கடைசி நல்ல காலம். மழை குறையத் தொடங்கியிருக்கும், ஆனால் விட்டிருக்காது. ஓகஸ்ட் மாத முதல் ஞாயிறையொட்டி அந்த ஊரின் வைன் திருவிழா நடக்கும். அந்தக் கூட்டமும் விலையேற்றமும் மே மாதத்தில் இல்லை. கருங்கல் தூண்களின் மேல் பந்தலாகப் படர்ந்த திராட்சைக் கொடிகள் பூப்பதற்குத் தயாராக இருக்கும். ஈரக்காற்று கீழே புகுந்து வெளியேற வேண்டும் என்பதற்காகவே அப்படி உயரத்தில் படர விடுகிறார்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

போர்ட்டோவிலிருந்து வீகோவுக்கு நேரடி பஸ் உண்டு. அங்கிருந்து பொன்தெவெத்ரா, பிறகு கம்பாடோஸ். மகனின் காரில் போனால் அரை நாளுக்குள் சேர்ந்துவிடலாம்.

கலீசியாவில் கோடை தொடங்கும்போது கடல் குளிர்வதாக எழுதியிருந்தீர்கள். வெயில் கூடினால் நீர் சூடாக வேண்டாமா, ரீச்சர்? அங்குள்ள ரியாவும் நம் துறைமுகமும் ஒரே வகையா?
*– உயர்தர மாணவன், திருகோணமலை நகரம்*

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உனக்கு நீண்ட பதில்.

வசந்தம் முதிரும்போது அந்தக் கரையில் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காற்று நிலையாக வீசத் தொடங்குகிறது. வடகிழக்குக் காற்றை அவர்கள் நொர்தேஸ் என்கிறார்கள். நமக்கு வாடை மழையைக் கொண்டுவரும். அவர்களுக்கு அதே திசைக் காற்று வானத்தைத் துடைத்து வெளிக்கச் செய்கிறது. அந்தக் காற்று கடலின் மேல்நீரை நகர்த்தும்போது, பூமியின் சுழற்சியால் அந்த நீர் வலப்பக்கம், அதாவது கரையை விட்டுத் திறந்த அட்லாண்டிக்கை நோக்கி விலகுகிறது. விட்டுப்போன இடத்தை நிரப்ப ஆழத்திலுள்ள குளிர்நீர் மேலே ஏறி வருகிறது. தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழே ஆழ்கடலின் குளிர். அந்த நீரோடு நைத்திரேற்றும் பொசுபேற்றும் வருகின்றன. அவற்றைத் தின்று நுண்தாவரங்கள் பெருகுகின்றன, அவற்றைத் தின்று மட்டிகள் கொழுக்கின்றன. அந்த ஊரின் சோறு இந்தக் குளிரில்தான் இருக்கிறது. இதே வேலையைத் தென்மேல் பருவக்காற்று நம் நாட்டின் தெற்குக் கடலில், அம்பாந்தோட்டைப் பக்கம் செய்கிறது. அந்தக் கடலின் வரைபடத்தையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்.

ரியா என்பது கடலில் அமிழ்ந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு. பனியுகத்தில் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்த காலத்தில் ஆறுகள் வெட்டிய பள்ளங்களுக்குள், பனி உருகியபின் கடல் ஏறிக்கொண்டது. கம்பாடோஸ் இருக்கும் அரௌசா ரியா கலீசியாவின் ரியாக்களில் மிகப் பெரியது. உமியா என்ற ஆறு ஊருக்குப் பக்கத்திலேயே வந்து கலக்கிறது. அது கொண்டுவரும் வண்டல் படிந்து படிந்து, கடல் வற்றும்போது வெளியே தெரியும் அந்தச் சேற்றுவெளி உண்டானது. நம் மகாவலியும் கொட்டியாரக் குடாவில் வண்டலைக் கொட்டத்தான் செய்கிறது. ஆனால் நம் குடாவின் வாசலிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கிச் சரிந்து இறங்குகிறது. வற்றுப்பெருக்கும் சிறியது. ஆகவே அவர்களுக்கு வயல்போலக் கடலடி கிடைத்தது, நமக்குப் பெருங்கப்பல் நுழையும் ஆழம் கிடைத்தது. இரண்டு ஊர்களின் சரித்திரத்தையும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே எழுதத் தொடங்கலாம்.

நானும் அம்மாவும் களப்பில் மட்டி எடுத்து விற்கிறோம். அந்த ஊரில் பெண்கள்தான் மட்டி எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு எப்படிப் பணம் கிடைக்கிறது? யாரும் வந்து விரட்டுவதில்லையா?
*– மூதூர்ப் பெண் ஒருவர்*

மகளே, வந்த கடிதங்களில் உங்கள் கடிதத்தைத்தான் நான் பல தடவை படித்தேன்.

கடல் வற்றும் நேரத்துக்கு முன்பே அவர்கள் கரைக்கு வந்துவிடுகிறார்கள். முழங்கால் தாண்டிய ரப்பர் நீள்காலணி, மேலே நீர் புகாத உடுப்பு, கையில் சிறு கொத்தி அல்லது பல்வைத்த வாரி, ஒரு வாளி. கூடைகளை இழுக்கச் சில்லு வைத்த வண்டி. தண்ணீர் விலக விலக அவர்களும் அதன் பின்னால் போகிறார்கள். இடுப்பை வளைத்தபடி மூன்று, நான்கு மணி நேரம் சேற்றைக் கிளறுகிறார்கள். நான் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு என் வயது இருக்கும். முதுகும் முழங்காலும் தேயும் வேலை என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

ஆனால் இதைக் கவனியுங்கள். அங்கே மட்டி எடுக்க ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் பெயரில் மாநில அரசின் உரிமப் பத்திரம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஒரு வாளி எடுத்தாலும் குற்றம். ஊரின் மீனவர் சங்கத்தில் அவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. எந்தெந்த நாட்களில், எந்தப் பகுதியில், ஆளுக்கு எத்தனை கிலோ எடுக்கலாம் என்பதற்குச் சங்கம் திட்டம் போட்டு அரசின் ஒப்புதலைப் பெறுகிறது. எடுத்ததை அளவுக்கருவியில் போட்டுப் பார்த்து, சிறியவற்றைத் திரும்பச் சேற்றிலேயே விடுகிறார்கள். பிறகு எடை போட்டு ஏல மண்டபத்துக்குப் போகிறது. தரகர் கரையில் நின்று விலை சொல்லும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. ஏலத்தில் விழுந்த விலை எல்லோருக்கும் தெரியும். சமூகப் பாதுகாப்புக்குப் பணம் கட்டுகிறார்கள், வயது போனபின் ஓய்வூதியம் வருகிறது.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஒரு காலத்தில் இதை ஒரு தொழிலாகவே யாரும் எண்ணவில்லை. வீட்டுப் பெண்கள் கைச்செலவுக்குச் செய்வது என்றுதான் நினைத்தார்கள். 1990களில் பெண்கள் அணிதிரண்டு, பயிற்சி எடுத்து, எடுப்பவராக மட்டும் இருந்தவர்கள் வளர்ப்பவர்களாகவும் ஆனார்கள். குஞ்சு மட்டி விதைக்கிறார்கள், பாசி மண்டினால் வாரி அகற்றுகிறார்கள், இரவில் திருட்டுத்தனமாக எடுக்க வருபவர்களைக் கண்காணிக்க முறை வைத்துக் காவல் நிற்கிறார்கள். மட்டி எடுக்காத நாட்களிலும் அவர்களுக்கு வேலை இருக்கிறது. அந்தச் சேற்றுவெளி தங்களுடையது என்று அவர்கள் நடக்கும் நடையிலேயே தெரிகிறது.

துன்பமும் குறைவில்லை. 2012இல் ஓர் ஒட்டுண்ணி வந்து அரௌசா ரியாவின் ஒரு வகை மட்டியை ஏறத்தாழ முழுவதுமாக அழித்துவிட்டது. 2023 இலையுதிர் காலத்தில் அடைமழை கொட்டி, ரியாவில் நன்னீர் கூடி, மட்டிகள் பெருமளவில் இறந்தன. கடலில் நச்சு நுண்தாவரங்கள் பெருகும்போது எடுப்பதற்குத் தடை வரும். பக்கத்து ஊரான விலகார்சியாவில் உள்ள அரசு ஆய்வுகூடம் இதற்காகவே தொடர்ந்து நீரையும் சதையையும் பரிசோதிக்கிறது. தடை வந்தால் அன்றைய வருமானம் இல்லை. ஆனால் அவர்களின் மட்டியை உண்டு யாருக்கும் நோய் வராது என்ற நம்பிக்கையும் அதனால்தான் நிலைக்கிறது.

யாரும் விரட்டுவதில்லையா என்று கேட்டீர்கள். உரிமப் பத்திரம் கையில் இருப்பவரை விரட்ட முடியாது. உங்கள் களப்பில் எடுக்கும் பெண்கள் எத்தனை பேர், எங்கே, எந்த மாதங்களில் எடுக்கிறீர்கள் என்று முதலில் நீங்களே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். இறால் பண்ணைக்கோ விடுதிக்கோ அந்தக் கரையை யாராவது கேட்டு வரும் நாளில், அங்கே ஏற்கெனவே ஆட்கள் உழைக்கிறார்கள் என்பதற்குச் சான்று தேவைப்படும். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். மகளிடம் கொடுத்து ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

பயணம் போகும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். அந்தப் பெண்கள் வழிகாட்டியாக வந்து தங்கள் வேலையைக் காட்டும் நடைப்பயணங்கள் கம்பாடோஸில் உண்டு. காசு கொடுத்து அதில் சேருங்கள். தனியாகச் சேற்றில் இறங்கி விதைத்த இடங்களை மிதிக்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட ஒரு மட்டியை எடுத்துப் பைக்குள் போடாதீர்கள்.

அங்கே பத்து மணிக்குத்தான் சூரியன் மறையுமாமே, உண்மையா?
*– பாடசாலை மாணவி, கன்னியா*

உண்மை. மே மாதக் கடைசியில் ஏறத்தாழ இரவு பத்து மணிக்கு மறைகிறது, காலை ஏழு மணியளவில்தான் உதிக்கிறது. கலீசியா இருப்பது போர்த்துக்கலுக்கு நேர் மேலே. ஆனால் கடிகாரம் வைத்திருப்பது மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு. ஆகவே எல்லையில் ஓடும் மின்யோ ஆற்றைக் கடந்து போர்த்துக்கலிலிருந்து வருபவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். உப்புவெளித் தங்கச்சி, பஸ்ஸுக்கு இதை மறக்காதீர்கள்.

பன்றியும் மதுவும் இல்லாமல் அங்கே சாப்பிட முடியுமா? நாங்கள் குடும்பமாகப் போக எண்ணுகிறோம்.
*– வாசகர், கிண்ணியா*

முடியும், தம்பி. கேட்டுச் சாப்பிட வேண்டும். கடலுணவுக்கு அந்தக் கரையைப் போல ஓர் இடம் நான் கண்டதில்லை. ஆனால் கலீசியச் சமையலில் பன்றிக் கொழுப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு. கீரையும் உருளைக்கிழங்கும் அவரையும் போட்ட சூப் மரக்கறியாகத்தான் தெரியும், அதன் வாசனையே பன்றிக் கொழுப்பிலிருந்து வருவது. எம்பனாதா என்ற அடைத்த ரொட்டி எங்கும் கிடைக்கும். சூரை மீன், மட்டி, சாளை வைத்துச் செய்வார்கள், இறைச்சி வைத்தும் செய்வார்கள். மாவிலும் சில இடங்களில் அந்தக் கொழுப்பு சேரும். மட்டி அவிக்கும்போது வெள்ளை வைன் ஊற்றுபவர்கள் உண்டு. ‘சின் செர்தோ’ என்றால் பன்றி இல்லாமல், ‘சின் வினோ’ என்றால் வைன் இல்லாமல். இந்த இரண்டையும் சொல்லி, பதில் வரும் வரை காத்திருங்கள். முகம் சுளிப்பவர்களை நான் காணவில்லை.

தயங்காமல் உண்ணக் கூடியது பொல்போ, அதாவது எட்டுக்கால் கணவாய். பெரிய செம்புப் பானையில் அவித்து, கத்தரிக்கோலால் வட்டம் வட்டமாக வெட்டி, மரத்தட்டில் பரப்பி, ஒலிவ் எண்ணெயும் கல்லுப்பும் சிவந்த மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள். அந்தத் தூள் நம் நாக்குக்கு உறைக்கவே உறைக்காது, நிறமும் மணமும்தான். பக்கத்தில் உள்ள பத்ரோன் என்ற ஊரின் பெயரால் சிறு பச்சை மிளகாய் ஒன்று உண்டு. முழுதாக எண்ணெயில் வாட்டி உப்புத் தூவித் தருவார்கள். பத்தில் ஒன்று உறைக்கும், எது என்று யாருக்கும் தெரியாது. மே மாதத்தில்தான் அது சந்தைக்கு வரத் தொடங்குகிறது. நெருப்பில் சுட்ட சாளையைக் கண்டால் விடாதீர்கள், ஜூன் நெருங்க நெருங்க அதில் நெய் ஏறும். ரியாவின் மட்டிகள் வசந்தத்தில் முட்டையிட்டுச் சதை மெலிந்திருக்கும், ஆகவே அவற்றின் முழுச் சுவையை மே மாதத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

மரக்கறி மட்டும் உண்பவர்கள் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பொரியல், அந்த மிளகாய், பாண், பாற்கட்டி, பாதாம் கேக் என்று சமாளிக்க வேண்டியிருக்கும். மதிய உணவு இரண்டு மணிக்குமேல், இரவு உணவு ஒன்பது மணிக்குமேல். இடையில் சமையலறைகள் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகளுக்குப் பையில் எப்போதும் எதையாவது வைத்திருங்கள்.

2002இல் எண்ணெய்க் கப்பல் உடைந்து நாசமான கடல் அதுதானே? இப்போது எப்படி இருக்கிறது?
*– மீனவர், கொட்டியாரக் குடா*

அதே கடல்தான், ஐயா. ‘பிரெஸ்டீஜ்’ என்ற கப்பல் 77,000 தொன் கரிய எரிபொருள் எண்ணெயுடன் 2002 நவம்பரில் கலீசியாவுக்கு அப்பால் புயலில் சேதமடைந்தது. அதைத் துறைமுகத்துக்குள் விடாமல் திறந்த கடலுக்கு இழுத்துச் சென்றார்கள். ஆறு நாள் கழித்து இரண்டாக உடைந்து மூழ்கியது. எண்ணெய் அலை அலையாக வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் அது அரௌசா ரியாவின் வாயை நெருங்கியபோது, அரசின் கப்பல்களுக்குக் காத்திராமல் மட்டி வளர்ப்பவர்களும் மீனவர்களும் தங்கள் சொந்தப் படகுகளில் போய், கையால் செய்த வாரிகளாலும் வாளிகளாலும் வெறும் கையாலும் அந்தக் கரிய பிசினை அள்ளினார்கள். அவர்கள் காத்ததால்தான் ரியாவின் உட்பகுதி தப்பியது. ‘இனி ஒருபோதும் வேண்டாம்’ என்று பொருள்படும் முழக்கத்துடன் மாநிலம் முழுவதும் மக்கள் வீதிக்கு வந்தார்கள்.

நான் பார்த்தபோது கண்ணுக்குக் கறை தெரியவில்லை. ரியா முழுவதும் மட்டி வளர்க்கும் மிதவைகள் நிரம்பியிருந்தன. யூக்கலிப்டஸ் மரச்சட்டங்களால் ஆன மேடைகள் அவை. ஒவ்வொன்றிலிருந்தும் பன்னிரண்டு மீற்றர் வரை நீண்ட கயிறுகள் நீருக்குள் தொங்குகின்றன, ஒரு மேடைக்கு ஐந்நூறு கயிறு வரை. அரௌசாவில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மேடைகள் மிதக்கின்றன. 2021இல் கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ என்ற கப்பல் எரிந்து பிளாஸ்டிக் மணிகள் கரையொதுங்கியதை நாம் மறக்கவில்லை. நம் துறைமுகத்தைச் சுற்றி எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன, பக்கத்தில் கப்பல் பாதை இருக்கிறது. அப்படி ஒரு நாள் வந்தால் யாருடைய படகு எங்கே நிற்க வேண்டும் என்று உங்கள் சங்கம் இப்போதே பேசி வைக்க வேண்டும். கேட்டால் நான் கூட்டத்துக்கு வருவேன்.

விடுதி நடத்துகிறேன். மே முதல் செப்டெம்பர் வரைதான் எங்கள் பிழைப்பு. எங்கள் கரைக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்கு ஆட்களைக் குறைத்தால் எங்கள் வயிற்றில் அடி. அங்கே எப்படிச் செய்கிறார்கள்?
*– நிலாவெளி வாசகர்*

வீகோவுக்கு எதிரே சீயெஸ் தீவுகள் இருக்கின்றன. 2002இல் அட்லாண்டிக் தீவுகள் தேசியப் பூங்காவாக ஆனவற்றில் அவையும் அடங்கும். நம் புறாத்தீவு அடுத்த ஆண்டே, 2003இல், தேசியப் பூங்கா ஆனது. ஒரே வயது. அங்கே ஈஸ்டர் வாரத்திலும் கோடைப் பருவத்திலும் போவதற்கு முதலில் மாநில அரசிடம் அனுமதி எண் வாங்க வேண்டும், பிறகுதான் படகு டிக்கெட். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரையறை இருக்கிறது. தீவில் வாகனம் இல்லை, குப்பைத் தொட்டியும் இல்லை. கொண்டுபோன குப்பையை நீங்களே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

தம்பி, உங்கள் வயிற்றைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. புறாத்தீவின் பவளப்பாறையை மிதித்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாறை செத்தால் உங்கள் விடுதிக்கு யார் வருவார்கள்? எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, முன்பதிவை உங்களைப் போன்ற உள்ளூர் விடுதிகள் வழியாகவும் படகோட்டிகள் சங்கம் வழியாகவும் கொடுத்தால், வருபவர் கூடுதல் நாள் தங்கிக் காத்திருப்பார். ஒரே காலையில் இருநூறு பேரை இறக்கிவிட்டு மதியத்துக்குள் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதால் உங்களுக்கு ஒரு தேநீர்க் காசுகூட மிஞ்சுவதில்லை. இதை உங்கள் பகுதி விடுதிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

சீயெஸ் போக விரும்புபவர்களுக்கு: மே மாதத்தில் எல்லா நாளும் படகு ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள். புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கலீசியருக்குத் தனி மொழி உண்டா?
*– தமிழாசிரியர், சாம்பல்தீவு*

உண்டு. போர்த்துக்கேய மொழிக்கு நெருங்கிய உறவு. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் அதற்கு இடமிருக்கவில்லை. 1981இன் தன்னாட்சிச் சட்டத்தோடு ஸ்பானிய மொழிக்குப் பக்கத்தில் ஆட்சிமொழியாக அமர்ந்தது. மே 17 அவர்களின் இலக்கிய நாள், மாநிலம் முழுவதும் விடுமுறை. ரொசாலியா தெ காஸ்த்ரோ என்ற பெண் கவிஞரின் கலீசியக் கவிதைத் தொகுதி 1863இல் வெளிவந்ததை நினைத்து, நூறு ஆண்டு கழித்து 1963இல் தொடங்கிய நாள். ஒவ்வோர் ஆண்டும் மறைந்த எழுத்தாளர் ஒருவருக்கு அதை அர்ப்பணிக்கிறார்கள். நான் போனபோது அந்த நாள் கடந்துவிட்டது. ஆனாலும் பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் பிள்ளைகள் கையால் எழுதி ஒட்டிய கவிதை வரிகள் அப்படியே இருந்தன. நின்று ஒவ்வொன்றாக மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஐயா, உங்கள் பள்ளிக்கூடத்து மதிலிலும் இதைச் செய்து பாருங்கள், செலவே இல்லை.

வயது எழுபது தாண்டிவிட்டது. யாகப்பர் கோயிலுக்கு, கலீசியத் தலைநகர் சந்தியாகோவுக்குப் போக வேண்டும் என்பது நெடுநாள் நேர்த்தி. விசா, உடுப்பு, நடை பற்றிச் சொல்லுங்கள்.
*– ஓய்வுபெற்ற தபாலதிபர், பாலையூற்று*

ஐயா, முழுவதும் நடக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பொன்தெவெத்ராவிலிருந்து சந்தியாகோவுக்கு ரயில் இருக்கிறது. இயேசுவின் சீடரான யாகப்பரின் உடல் படகில் அரௌசா ரியா வழியாக வந்ததாக மரபு சொல்கிறது. அந்த நீர்வழியிலேயே இன்றும் யாத்திரிகர்கள் விலநோவா என்ற ஊரிலிருந்து படகில் பத்ரோன் பக்கம் போகிறார்கள். விலநோவா கம்பாடோஸுக்குப் பக்கத்து ஊர். உங்கள் முழங்காலுக்கு அந்த வழி ஏற்றது, நேர்த்திக்கும் குறைவில்லை.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கேட்கலாம், பதினைந்து நாளுக்குப் பிந்தக் கூடாது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். எந்த நாட்டில் கூடுதல் நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உப்புவெளித் தங்கச்சிக்கு அது போர்த்துக்கல், உங்களுக்கு ஸ்பெயின். ஒரே விசாவில் இரண்டு நாட்டுக்கும் போய் வரலாம்.

உடுப்பைப் பொறுத்தவரை, பகலில் இருபது பாகையைத் தாண்டும், இரவில் பன்னிரண்டுக்கு இறங்கும். கச்சான் காற்றில் வெந்துகொண்டிருக்கும் இங்கிருந்து புறப்படும்போது கம்பளிச் சட்டை எடுக்க மனம் வராது. எடுத்து வையுங்கள். குடை அந்தக் காற்றில் நிற்காது, தலைமூடியுடன் கூடிய மழைச்சட்டை நல்லது. கருங்கல் பதித்த தெருக்கள் மழையில் வழுக்கும், அடி பிடிக்கும் சப்பாத்து போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. சனிக்கிழமையே கம்பாடோஸ் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.